மெஷின் சொன்னா உடனே திருத்துறோம், ஆள் சொன்னா ஏன் சண்டைக்குப் போறோம்?

போன மாசம் ஒரு செவ்வாக்கெழம காலையில எங்க டீம் தம்பி ஒருத்தனோட மெர்ஜ் ரிக்வெஸ்ட, அதாவது அவன் எழுதுன கோட பொதுக் கோட்ல சேக்கச் சொல்லி அனுப்புனத, பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரே லைன்ல ரெண்டு கமெண்ட் தொங்குது. ஒன்னு பைப்லைன்ல, அதாவது புது கோட தானா சோதிக்கிற வரிசையில, ஓடுற ஸ்டாட்டிக் அனாலிசிஸ் டூல் (கோட ஓட விடாமலே படிச்சு தப்பு தேடுறது) போட்டது, இன்னொன்னு நான் போட்டது. ரெண்டும் சொன்ன விசயம் ஒன்னுதான், சீரியல் போர்ட்டுக்கு கமாண்ட் அனுப்புற பங்ஷன கூப்பிட்டுட்டு அது என்ன திருப்பித் தருதுன்னு பாக்காமலே அடுத்த லைனுக்குப் போய்ட்டான். டூல் விதி நம்பரோட "ரிட்டர்ன் வேல்யூ பயன்படுத்தப்படவில்லை"ன்னு போட்டிருந்துச்சு. நான் எழுதுனது "வொய் நோ செக்?" அவ்ளோதான், மூனே வார்த்த.

டூலுக்கு நாலு நிமிசத்துல புது கமிட், அதாவது மாத்துன கோட், வந்துருச்சு. எனக்கு மூனு பாரா பதில் வந்துச்சு. ரெண்டு வாரம் டெஸ்ட் பெஞ்ச்ல ஓட விட்டேன் ஒரு தடவ கூட பெயில் ஆகல, கேபிள் நீளம் ஒரு மீட்டர் கூட இல்ல, பழைய மாடல் கோட்லயும் இப்படித்தான் இருக்கு, அத எழுதுனது நீங்கதான். கடைசி வரிய படிச்சதும் எனக்கு காது சூடாயிடுச்சு, உண்மைய சொல்றேன். நானும் பதில் எழுத ஆரம்பிச்சிட்டேன்.

அப்புறந்தான் அந்த நாலு நிமிச கமிட்ட தொறந்து பாத்தேன். அவன் செக் எதுவும் போடல. பங்ஷன் பேருக்கு முன்னால ஒரு வாய்ட் காஸ்ட் போட்டிருக்கான். சி எழுதுறவங்களுக்குத் தெரியும், "இது ஏதோ திருப்பித் தருதுன்னு எனக்குத் தெரியும், எனக்கு வேணாம்"னு டூல்கிட்ட சொல்ற வழி அது. மிஸ்ரா சி 2012னு சி கோட பாதுகாப்பா எழுதுறதுக்கு ஒரு விதித் தொகுப்பு இருக்கு, அதுல விதி 17.7 ரிட்டர்ன் வேல்யூவ பயன்படுத்தியே ஆகணும்னு சொல்லுது, ஆனா இந்த மாதிரி வாய்ட் போட்டு காட்டிட்டா ஒத்துக்கும். டூல் அடங்கிருச்சு. பைப்லைன் பச்சையாயிடுச்சு. பிரச்சன அப்படியே அங்கேயே ஒக்காந்திருக்கு.

எங்க வேல என்னான்னு கொஞ்சம் சொல்லிடுறேன். பினாங்கு பாயான் லெபாஸ்ல சிப் டெஸ்ட் பண்ற மெஷினுக்கு சாப்ட்வேர் எழுதுறோம். ஒரு கை சிப்ப தூக்கும், சாக்கெட்ல வைக்கும், டெஸ்ட் ஓடும், எடுத்து நல்லது ஒரு தட்டுக்கு, கெட்டது ஒரு தட்டுக்கு. "எடு"ன்னு அனுப்புன கமாண்ட் போய் சேரலன்னா, சாப்ட்வேர் எடுத்தாச்சுன்னு நெனச்சுக்கிட்டு அடுத்த சிப்ப கொண்டு வந்து பழைய சிப் மேலயே வச்சு அமுக்கும். சாக்கெட் உள்ள இருக்கிற பின்னுங்க மயிர் மாதிரி மெல்லிசு, வளைஞ்சா அவ்ளோதான். அதவிட மோசம், மேல இருக்கிற சிப்புக்கு கீழ இருக்கிற சிப்போட ரிசல்ட் எழுதப்பட்டு கெட்டது நல்லதோட கலந்து போய்டும். அது எந்த காருக்குள்ள போய் ஒக்காருமோ யாருக்குத் தெரியும். இதுக்காகத்தான் அந்த ஒரு லைன எடுத்துக்கிட்டு நான் இவ்ளோ நேரம் நின்னேன்.

அன்னிக்கு முழுக்க ஒரே ஒரு கேள்விதான் மனசுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. மெஷின் சொன்னத ஏன் இவ்ளோ சுலபமா ஏத்துக்கிறோம்? கொஞ்ச நேரம் கழிச்சு கேள்வியே தப்புன்னு தோனுச்சு. அவன் ஏத்துக்கல. மெஷின வாயடைக்க வச்சான், அவ்ளோதான். என்கிட்ட அப்படி வாயடைக்க ஒரு வாய்ட் இல்லாததால மூனு பாரா எழுத வேண்டியதாப் போச்சு.

சாயங்காலம் வேல விட்டதும் பாயான் பாருல ஒரு மாமாக் கடைக்கு அவனையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அவன் தே ஓ ஐஸ், நான் தே தாரிக் சக்கர கம்மியா, நடுவுல ஒரு தட்டு மீ கோரேங். மொதல்ல பத்து நிமிசம் புட்பால் பேசுனோம். அப்புறம் நானே கேட்டேன்.

"தம்பி, காலையில அந்த லைனுக்கு டூல் சொன்னப்ப ஒன்னும் பேசல, நான் சொன்னதும் கோவம் வந்துருச்சே, ஏன்?"

"கோவம் எல்லாம் இல்லண்ணே."

"இருந்துச்சு. எனக்கும் வந்துச்சு. பரவால்ல சொல்லு."

ஸ்ட்ராவ சுத்திக்கிட்டே இருந்தான். "அந்த டூல் எல்லார் கோட்லயும் அதே வார்த்தையத்தான் போடுதுண்ணே, உங்க கோட்ல கூட போடுது. நீங்க வொய் நோ செக்னு எழுதுனத பாஸ் பாப்பாரு, கோலாலம்பூர் டீம் பாக்கும். எனக்கு இன்னும் வேல கன்பர்மேஷன் வரல. நான் செக் பண்ணத் தெரியாதவன்னு எழுத்துல இருக்கு பாருங்க, அது அழியாது."

ஒரு நிமிசம் என்ன சொல்றதுன்னு தெரியல. நான் கேட்டது கோட பத்தி. அவன் படிச்சது அவன பத்தி. அந்த மூனு வார்த்தைய மறுபடி படிச்சுப் பாத்தா அவன் படிச்ச மாதிரியும் படிக்கலாந்தான்.

நம்ம ஊரு இங்கிலீஷ் பேசுறவங்களுக்கு இது இன்னும் நல்லா புரியும்னு நெனைக்கிறேன். வாயால பேசும்போது "வொய் நோ செக் ஆ?"ன்னு கேப்போம். அந்த "ஆ" இருக்கே, அதுலதான் எல்லா மரியாதையும் இருக்கு. "கேனோட்"னா கதவ சாத்துற மாதிரி, "கேனோட் லா"ன்னா தோள்ல கை போட்டு சொல்ற மாதிரி. சீனன், மலாய்க்காரர், நம்மாளு எல்லாரும் இந்த லா, ஆ, மா எல்லாத்தையும் வச்சுத்தான் நாள் பூரா ஒருத்தர ஒருத்தர் தாங்கிக்கிறோம். ஆனா கோட் ரிவ்யூல எழுதும்போது ஆபீஸ் இங்கிலீஷ்னு சொல்லி இதையெல்லாம் வழிச்சு எடுத்துடுறோம். மிச்சம் இருக்கிறது அதிகாரி குரல். மெஷினுக்கு இந்தப் பிரச்சன இல்ல, அதுக்கு "லா" போடணும்னு யாரும் எதிர்பாக்கிறதில்ல. ஒரே வரிய மெஷின் சொன்னா தகவல், ஏழு வருசம் மூத்தவன் சொன்னா தீர்ப்பு.

கோட ஆள் பாக்கிறது, மெஷின் பாக்கிறது, இந்த ரெண்டு வழியும் புதுசு இல்ல. ஐபிஎம்ல மைக்கேல் பேகன் 1976லயே ஆளுங்க ஒக்காந்து கோட பரிசோதிக்கிறதுக்கு ஒரு முறைய எழுதிட்டாரு, மீட்டிங் ரூம்ல பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, யார் படிக்கணும் யார் மீட்டிங்க நடத்தணும்னு ஆளுக்கு ஒரு வேலையோட. ரெண்டே வருசத்துல, 1978ல, பெல் லேப்ஸ்ல ஸ்டீபன் ஜான்சன் லிண்ட் எழுதுனாரு. துணியில ஒட்டியிருக்கிற பஞ்சு தூசிக்குத்தான் லிண்ட்னு பேரு, அத பொறுக்கி எடுக்கிற மாதிரி சி கோட்ல இருக்கிற சின்னச் சின்ன சந்தேகத்த பொறுக்கி எடுக்கிற புரோகிராம். ஆக ஆளும் மெஷினும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துலதான் இந்த வேலைக்கு வந்தாங்க. அம்பது வருசமா ரெண்டு பேர்கிட்டயும் திட்டு வாங்கிக்கிட்டுத்தான் இருக்கோம்.

மெஷின் சொன்னா எல்லாரும் கேப்பாங்கன்னு நெனைக்கிறதும் தப்பு. பேஸ்புக்காரங்க கோட்ல தப்பு தேட இன்பர்னு ஒரு டூல் வச்சிருக்காங்க. ஆரம்பத்துல அத ராத்திரி ஓட விட்டு, கண்டுபிடிச்ச பக், அதாவது கோட்ல இருக்கிற தப்பு, எல்லாத்தையும் லிஸ்ட்டா போட்டு டெவலப்பர்ங்ககிட்ட கொடுத்தாங்க. திருத்துனது கிட்டத்தட்ட பூஜ்யம். அதே டூலோட எச்சரிக்கைய ரிவ்யூ நேரத்துல, கோட் இன்னும் கையில சூடா இருக்கும்போது காட்டுனப்ப 70 சதவீதத்துக்கு மேல திருத்துனாங்க. இத அவங்களே 2019ல எழுதியிருக்காங்க. யார் சொல்றாங்கன்னு மட்டும் இல்ல, எப்ப சொல்றாங்கன்னும் இருக்கு. நேத்து முடிச்ச வேலைய இன்னிக்கு வந்து கொறை சொன்னா மெஷினா இருந்தாலும் ஆளா இருந்தாலும் யாருக்கும் திரும்பிப் பாக்க மனசு வராது.

கூகுள்ல ட்ரைகார்டர்னு இதே மாதிரி ஒரு டூல். அது ரிவ்யூல போடுற ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் பக்கத்துல "உபயோகம் இல்ல"ன்னு சொல்ல ஒரு பட்டன் வச்சாங்க. அந்த பட்டன அடிக்கடி அமுக்க வைக்கிற எச்சரிக்கை விதிய எழுதுனவங்க போய் சரி பண்ணணும், இல்லன்னா தூக்கிடுவாங்க, பத்துல ஒன்னுக்கு மேல வீண் எச்சரிக்கை போகக் கூடாதுன்னு ஒரு கணக்கு. எனக்கு இதுல ரொம்ப புடிச்ச விசயம், எச்சரிக்கை டெக்னிக்கலா சரியா தப்பான்னு அவங்க பாக்கல, படிச்ச ஆளு அதுக்காக ஏதாச்சும் செஞ்சாரா இல்லையான்னுதான் பாத்தாங்க. மெஷின் கொஞ்சம் வீணா கொரைச்சாலும் நாம காத மூடிக்குவோம்னு புரிஞ்சவங்க வச்ச கணக்கு அது. ஒரு சீனியருக்கு பக்கத்துல அப்படி ஒரு பட்டன் வைக்க முடியுமா? முடியாது, அதனாலதான் அவர்கிட்ட மூனு பாரா எழுதுறோம்.

எங்க சின்னம்மா ஆயர் ஈத்தாம்ல இருக்காங்க, இப்ப அறுபதுக்கு மேல. இந்த பாயான் லெபாஸ் ப்ரீ டிரேட் ஸோன் 1972ல ஆரம்பிச்சப்ப இன்டெல் மாதிரி கம்பெனிங்க வந்தாங்க இல்லையா, அதுக்கப்புறம் பினாங்குல எத்தன வீட்டுப் பொம்பளைங்க பேக்டரி பஸ் ஏறிப் போனாங்க, அதுல அவங்களும் ஒருத்தர். ஸ்கூல் முடிச்சதும் சேந்தாங்க. நாள் பூரா மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சு, சிப்புக்கும் அதோட உலோகக் காலுக்கும் நடுவுல போற தங்கக் கம்பி சரியா ஒட்டியிருக்கான்னு பாக்கிற வேல. மாமாக் கடையில பேசுன வாரம் ஞாயித்துக்கெழம அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன், மதியம் மீன் கறி, பேச்சோட பேச்சா இந்தக் கதைய சொன்னேன். அவங்களுக்கு கோட்னா என்னான்னு தெரியாது, ஆனா ஒடனே புரிஞ்சிருச்சு.

"எங்களுக்கும் அதே கததான்யா," ன்னாங்க. அவங்க லைன்ல கியூசி, அதாவது தரம், பாக்க ஒரு மலாய் அக்கா இருந்தாங்களாம். தட்டுல செவப்பு ஸ்டிக்கர் ஒட்டி திருப்பிக் கொண்டு வருவாங்க. வந்ததும் சின்னம்மாவுக்கு வயிறு எரியும். எல்லாரும் பாப்பாங்களே. "நல்லாத்தானே இருக்கு, என்ன ரிஜெக்ட்?"னு மலாய்ல சண்ட புடிப்பாங்க. அந்த அக்கா பதில் பேசாம ஸ்டூல இழுத்துப் போட்டு பக்கத்துல ஒக்காந்து, மைக்ராஸ்கோப்ல அவங்க கண்ண வச்சு, போகஸ கொஞ்சம் திருப்பி, "இப்ப நீ பாரு"ம்பாங்களாம். சின்னம்மா இத சொல்லும்போது கைய அப்படியே காத்துல வச்சு, கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் சேத்து அந்த திருகாணிய திருப்பிக் காட்டுனாங்க. நாப்பது வருசம் ஆச்சு, வெரலு மறக்கல. "கம்பி வளைவு கொஞ்சம் தாழ்ந்திருக்கும், மேல பாத்தா தெரியாது, போகஸ கீழ எறக்குனாத்தான் தெரியும். அவ காட்டுனதுக்கு அப்புறம் ஒரு தட்டு கூட அந்தத் தப்புக்கு திரும்பி வரல."

அப்புறம் கேமரா வச்ச மெஷின் வந்துச்சாம். அதுவே பாத்து அதுவே ஒதுக்கும். சண்ட நின்னுருச்சு. நான் கேட்டேன், அப்ப நிம்மதியா இருந்துச்சா சின்னம்மா? "நிம்மதிதான். மெஷின் ரிஜெக்ட் பண்ணா என்ன செய்வோம் தெரியுமா, எடுத்து இன்னொரு தடவ ஓட விடுவோம். ரெண்டாவது தடவ பாஸ் ஆயிடும். ஆகலன்னா தொடச்சிட்டு மூனாவது தடவ."

கையில சோத்த வச்சுக்கிட்டு அப்படியே ஒக்காந்துட்டேன். பைப்லைன்ல டெஸ்ட் பெயில் ஆனா நாங்க என்ன பண்றோம்? அந்த ரீட்ரை பட்டன அமுக்குறோம். செவப்பு, மறுபடி அமுக்கு, செவப்பு, மறுபடி அமுக்கு, பச்ச, மெர்ஜ். யாரும் யாரையும் கேக்கிறதில்ல. ஆளுகிட்ட வாதாடுறோம், மெஷின்கிட்ட வழி கண்டுபிடிச்சு தாண்டிப் போய்டுறோம், ரெண்டுல எதுல நம்ம மனசு நெசமா அந்தத் தப்ப பாக்குதுன்னு கேட்டா எனக்கு வாதாடுற பக்கந்தான்னு தோனுது. வாதாடணும்னாலே ஒரு தடவயாச்சும் அந்த லைன திரும்பிப் படிக்கணும். தம்பி எழுதுன மூனு பாராவுல கேபிள் நீளம் வந்துச்சு, டெஸ்ட் பெஞ்ச் வந்துச்சு, பழைய கோட் வந்துச்சு. டூலுக்குப் போட்ட பதில்ல ஒரே ஒரு வாய்ட்.

மெஷின் சொல்லுக்கு தலையாட்டுறது எங்க கொண்டு போய் விடும்னு கேட்டா, எனக்கு எப்பவும் டெபியன் கததான் ஞாபகம் வரும். டெபியன்னா ஒரு வகை லினக்ஸ், ஓப்பன்எஸ்எஸ்எல்னா தகவல ரகசியமா அனுப்ப உதவுற கோட். 2006ல டெபியன்ல ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜ கவனிச்சவர் ஒரு மாற்றம் பண்ணாரு. வால்கிரிண்ட்னு ஒரு டூல் இருக்கு, மதிப்பே போடாத மெமரிய கோட் பயன்படுத்துனா எச்சரிக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லோட ரேண்டம் நம்பர் கோட்ல ரெண்டு லைன காட்டி அது கத்திக்கிட்டே இருந்துச்சு. டூல் சொன்னது பொய் இல்ல. ஆனா அந்த லைன் வழியாத்தான் யாரும் யூகிக்க முடியாத விசயமெல்லாம் உள்ள போய்க்கிட்டு இருந்துச்சு. அவர் அந்த லைன் ஓடாத மாதிரி கமெண்ட் ஆக்கிட்டாரு, டூல் அமைதி. மிச்சம் இருந்த ஒரே மாறுற விசயம் ஓடுற புரோகிராமுக்கு கம்ப்யூட்டர் கொடுக்கிற புராசஸ் நம்பர், அதுக்கு அதிகபட்சம் 32,768 வகைதான். உலகம் பூரா டெபியன்லயும் அதுல இருந்து வந்த உபுண்டுலயும் அந்த ஓப்பன்எஸ்எஸ்எல்ல வச்சு செஞ்ச ரகசியச் சாவிங்க எல்லாம் ஒரு ராத்திரியில எண்ணி முடிக்கிற லிஸ்ட்டுக்குள்ள வந்துருச்சு. 2008 மே மாசம் வெளிய தெரியிற வரைக்கும், ஏறக்குறைய ரெண்டு வருசம், யாரும் கவனிக்கல.

இதுல என்னை ரொம்ப உறுத்துறது அந்த மாற்றம் இல்ல. அவர் மாத்துறதுக்கு முன்னாடி ஓப்பன்எஸ்எஸ்எல் ஆளுங்ககிட்ட கேட்டாரு. இந்த ரெண்டு லைன எடுக்கலாமான்னு. டிபக் பண்ண உதவும்னா எடுக்கலாம்னு பதில் வந்துச்சு. கேட்டவரும் மனுசன், பதில் சொன்னவரும் மனுசன், ஆனா யாரும் ஸ்டூல இழுத்துப் போட்டு பக்கத்துல ஒக்காரல. இந்த லைன் எதுக்காக இங்க இருக்கு, எங்க போய் ஓடப் போகுதுன்னு ஒரு வார்த்த கூட பேசியிருந்தா போதும். அதனால மெஷின் கெட்டது மனுசன் நல்லவன்னு நான் சொல்ல வரல. மனுசனும் ஒரு வரியில பதில் போட்டுட்டுப் போனா அவனும் டூல் மாதிரிதான்.

இப்ப ஏஐ வேற வந்துருச்சு. எங்க டீம்ல போன வருசத்துல இருந்து ஒரு ஏஐ ரிவ்யூவர் ஓடுது. ரொம்ப மரியாதையா, நீளமா எழுதும். மொதல் ரெண்டு வாரம் எல்லாரும் ஆர்வமா படிச்சோம், பேர் வைக்கிறத பத்தியும் கமெண்ட் எழுதுறத பத்தியும் பத்து சொன்னா உருப்படியா ஒன்னு. அப்புறம் கண்ணு தானா தாண்டிப் போக ஆரம்பிச்சிருச்சு. ஒரு நாள் ரெண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்துல ஓடுற ரெண்டு வேல, ஒரே கவுண்ட்டர தொடுற எடத்த அது சரியா புடிச்சிருக்கு, ஒன்பது கமெண்ட்ல ஏழாவதா. மூனு பேர் அத கடந்து போயிருக்கோம், நானும் ஒருத்தன். "ரிசால்வ்ட்"னு அமுக்குனது யாருன்னு கூட யாருக்கும் ஞாபகம் இல்ல. கஸ்டமர் பேக்டரியில மெஷின் கணக்கு ஒதைக்குதுன்னு போன் வந்தப்பத்தான் தேடிப் போய் பாத்தோம். இன்டர்நெட்ல தகவல எடுக்க அனுப்ப உதவுற கர்ல்ங்கிற புரோகிராம எழுதுற டேனியல் ஸ்டென்பெர்க் ஏஐ வச்சு எழுதுன குப்பை பக் ரிப்போர்ட்டுங்க தன் நேரத்த தின்னுதுன்னு எத்தன தடவ வருத்தப்பட்டிருக்காரு, அதே மனுசன் 2025ல ஏஐ டூல் உதவியோட ஒருத்தர் தேடிக் கொடுத்த லிஸ்ட்ட வச்சு நெறைய தப்ப திருத்திட்டு அத வெளிப்படையா பாராட்டவும் செஞ்சாரு. கொடுத்தவர் படிச்சு, பொறுக்கி, நெசமான்னு பாத்துக் கொடுத்தா ஏத்துக்க யாருக்கும் கஷ்டம் இல்ல.

இதவிட வலிச்ச விசயம் ஒன்னு நடந்துச்சு. எங்க டீம்ல ஒரு தங்கச்சி, சேந்து ஒரு வருசம் ஆகல, சுங்கை பட்டாணிக்காரங்க. அவங்களோட பெரிய மெர்ஜ் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு சீனியர் அழகா பன்னெண்டு கமெண்ட் எழுதியிருந்தாரு. அந்தப் பொண்ணுக்கு அவ்ளோ சந்தோசம், சனிக்கெழம ஒக்காந்து எல்லாத்துக்கும் பதில் எழுதி, ஒவ்வொன்னையும் திருத்தி வச்சிருந்தாங்க. திங்கக்கெழம அவர்கிட்ட ஒரு கமெண்ட்ட பத்தி கேட்டா, அவருக்கு அந்த பங்ஷன் எந்த பைல்ல இருக்குன்னே தெரியல. கோட ஏஐகிட்ட ஒட்டி, வந்தத தன் பேர்ல போட்டிருக்காரு.

"அண்ணே, கமெண்ட் தப்புன்னு நான் சொல்லல, ரெண்டு மூனு நல்ல கமெண்ட்தான். ஆனா அவரு என் கோட படிக்கவே இல்லல்ல?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவங்களுக்கு வேண்டியிருந்தது தப்ப கண்டுபிடிக்கிற ஆளு மட்டும் இல்ல, தன்னோட ரெண்டு வார உழைப்ப இன்னொரு சோடிக் கண்ணு பாத்துச்சுன்னு தெரியணும். மைக்ரோசாப்ட்ல ஆல்பர்ட்டோ பக்கேல்லியும் கிறிஸ்டியன் பேர்டும் 2013ல இத பத்தி ஆராய்ச்சி பண்ணாங்க. எதுக்கு ரிவ்யூ பண்றீங்கன்னு கேட்டா பக் புடிக்கத்தான்னு மொதல்ல சொன்னாங்க, ஆனா நெசமா நடந்தத எண்ணிப் பாத்தா பக் புடிச்சது எதிர்பாத்ததவிட கம்மி, ஒருத்தர் வேல ஒருத்தருக்குப் புரியிறதும், தெரிஞ்சத கைமாத்திக்கிறதும், டீம்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிறதுமா நெறைய இருந்துச்சு. அந்த தங்கச்சியோட மொகத்த பாத்தவங்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவையே இல்ல.

அதனால எங்க டீம்ல சிலத மாத்துனோம். பெருசா ஒன்னும் இல்ல. ஸ்பேஸ், பிராக்கெட், பேர், வரி நீளம் இதெல்லாம் பார்மேட்டரும் (கோட தானா ஒழுங்கா அடுக்குற புரோகிராம்) டூலும் பாத்துக்கட்டும், அதுல எந்த மனுசனும் வாய தொறக்கக் கூடாது, ஏன்னா அந்த மாதிரி கமெண்ட் ஒவ்வொன்னும் முக்கியமானத சொல்ல வேண்டிய நேரத்துல நம்ம பேச்சுக்கு மதிப்ப கொறச்சிடுது. டூலோட வாய அடைக்கிற வாய்ட் போட்டா பக்கத்துலயே ஒரு வரி காரணம் எழுதணும். ஏஐ எழுதுனத ஏஐ பேர்லயே விடணும். அப்புறம் பெரிய விசயமா இருந்தா எழுதாத, எழுந்து போய் பேசு, பேசி முடிச்சதும் என்ன முடிவுன்னு ரெண்டு வரி எழுதி வை. கடைசி விதிக்கு கொஞ்சம் எதிர்ப்பு இருந்துச்சு, வீட்டுல இருந்து வேல செய்யிற ஆளுங்க எப்படி எழுந்து வர்றதுன்னு கேட்டாங்க, நியாயந்தான், போன் போடுறோம்.

நானும் என் எழுத்த மாத்திக்கப் பாக்குறேன். "வொய் நோ செக்?"க்கு பதிலா "இந்த கமாண்ட் போகலன்னா சாக்கெட்ல ரெண்டு சிப் ஒன்னு மேல ஒன்னு ஒக்காந்துடும்னு பயமா இருக்கு, 2021ல ஒரு லைன்ல அப்படி ஆச்சு, நீ என்ன நெனைக்கிற?" அப்படின்னு எழுதுனா எனக்கு ரெண்டு நிமிசம் கூட ஆகும். தம்பிக்கு அந்த 2021 கத தெரியவே தெரியாது. யாரும் சொல்லல. மூனு பாரா எழுதுனதுக்கு அப்புறந்தான் நான் சொன்னேன், அன்னிக்கு மாமாக் கடையில, டிஷ்யூ பேப்பர்ல சாக்கெட் படம் போட்டு. அவன் படத்த பாத்தான், "ஐயோ"ன்னான், மறுநாள் காலையில வாய்ட எடுத்துட்டு ஒழுங்கா எர்ரர் ஹேண்ட்லிங் எழுதிட்டான். டூல் அதுக்கு ஒன்னும் சொல்லல, அதுக்கு ரெண்டும் ஒன்னுதான்.

போன வாரம் என்னோட மெர்ஜ் ரிக்வெஸ்ட் ஒன்னு அவன்கிட்ட ரிவ்யூக்குப் போச்சு. மதியம் கமெண்ட் வந்துச்சு. "அண்ணே, வொய் 3 டைம்ஸ் ரீட்ரை? இப் 3 ஆல்சோ பெயில், தென் ஹவ் ஆ?"

அந்த "ஆ" போட்டிருந்தான். அப்படியும் எனக்கு காது சூடாச்சு. கீபோர்ட்ல கை வச்சுட்டேன், இது இந்த மெஷின் வந்த நாள்ல இருந்தே 3தான், பீல்டுல இத்தன வருசமா ஓடுது, பழைய மேனேஜர் சொல்லி வச்ச நம்பர்னு கடகடன்னு அடிச்சுக்கிட்டே போறேன், மூனாவது பாராவுக்கு வந்தப்பத்தான் கையில என்ன எழுதிக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுச்சு. கோட தொறந்து பாத்தேன். மூனு தடவயும் பெயில் ஆனா அப்புறம் என்ன பண்ணணும்னு நான் எழுதவே இல்ல, லூப் முடிஞ்சு அப்படியே கீழ எறங்கிப் போகுது.

எழுதுனத அழிச்சிட்டு எழுந்து அவன் சீட்டுக்குப் போனேன். பக்கத்து மேசையில இருந்து ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டான். ஆறரை வரைக்கும் ஒக்காந்து பேசுனோம், வெளிய பேக்டரி பஸ் எல்லாம் கெளம்பிப் போச்சு. மூனுக்கு அப்புறம் மெஷின நிறுத்தி ஆபரேட்டர கூப்பிடணும்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். ஆனா நிறுத்துறதுக்கு முன்னாடி மெஷினோட கைய எங்க கொண்டு போய் வைக்கணும்னு அவனுக்கு ஒரு கருத்து, எனக்கு ஒரு கருத்து. அந்த மெர்ஜ் ரிக்வெஸ்ட் இன்னும் தொறந்துதான் கெடக்கு, பைப்லைன் மட்டும் மொத நாள்ல இருந்தே பச்ச.